இரண்டு பக்கமும் நானே

மேசையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் வரைபடம் விரிந்திருக்கிறது. தேன்கூட்டுக் கண்கள் போல அறுகோணக் கட்டங்கள். அவற்றின் மேல் அரை அங்குல அட்டைச் சில்லுகள்; நீலம் வடக்குப் படை, சாம்பல் தெற்குப் படை. எதிர் நாற்காலியில் ஆள் இல்லை. காபி கொண்டுவந்து வைக்கிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "உன்னை நீயே ஜெயிச்சு என்ன ஆகப்போகுது?"

கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தப் பழக்கம் அபூர்வமானதல்ல. நியூயார்க்கில் எஸ்பிஐ நிறுவனத்தின் மூலம் நூற்றுக்கணக்கில் போர் விளையாட்டுகளை வெளியிட்ட ஜேம்ஸ் டனிகன், இவற்றைத் தனியாக ஆடுகிறவர்களே அதிகம் என்று எழுதியிருக்கிறார். எதிராளி கிடைக்காதது ஒரு காரணம். சில ஆட்டங்கள் முடியப் பல வாரம் ஆகும். அத்தனை நாள் எதிரே வந்து உட்கார ஒரு நண்பன் வேண்டும். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு எளிது. சில்லில் அச்சிட்ட எண்களில் ஒன்று பலம், இன்னொன்று ஒரு முறையில் நகரக்கூடிய தூரம். தாக்குகிறவர் பலத்தைத் தடுக்கிறவர் பலத்தால் வகுத்து, பகடை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்க்க வேண்டும். பழைய ஆட்டங்களில் மீதி வந்தால் அது தடுக்கிறவருக்குச் சாதகம்: 11க்கு 4 என்றால் இரண்டுக்கு ஒன்றுதான், 12 இருந்தால் மூன்றுக்கு ஒன்று. அந்த ஒற்றைப் புள்ளிக்காகப் பக்கத்துக் குன்றில் சும்மா நின்ற பிரிவை இழுத்து வருவேன். தாக்குதல் முடிந்து மறுபுறம் போய் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது, அந்தக் குன்று காலியாகக் கிடப்பதுதான். இழுத்தவனும் நான்தான். இழுக்கும்போது தெரியவில்லை. நாற்காலி மாறச் சோம்பல்பட்டு ஒரே பக்கம் உட்கார்ந்து ஆடிய நாட்களில் ஆட்டம் சப்பென்று போயிருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், தெரிந்ததை மறப்பது. 1863 ஜூலை 2 பிற்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குப் படையின் சிக்கிள்ஸ், மேலிட உத்தரவில்லாமல் தன் படையை முன்னே நகர்த்திவிட்டார். இடதுகோடியில் லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்று காவலின்றிக் கிடந்தது. தலைமைப் பொறியாளர் வாரன் அதைக் கவனித்து ஆள் கேட்க, வின்சென்ட்டின் பிரிவு கடைசி நேரத்தில் ஓடி ஏறியது. தெற்குத் தளபதி லீக்கு எதிரியின் நிலை சரியாகத் தெரியாது. அவருக்குக் கண்ணாக இருந்த ஸ்டூவர்ட்டின் குதிரைப்படை நாள்கணக்கில் தொடர்பற்றுப்போய், அன்றுதான் வந்து சேர்ந்தது. மேசையில் லீயாக உட்கார்ந்திருக்கும் எனக்கோ காலிக் குன்று பளிச்சென்று தெரிகிறது. பாய்ந்து பிடித்தால் ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடியும். அது லீயின் ஆட்டமாக இருக்காது.

அதனால் லீ செய்திருக்கக்கூடியவற்றைத் தாளில் எழுதுவேன். பகடையில் 1 முதல் 3 விழுந்தால் போட்ட உத்தரவுப்படி நேரே போவது. 4, 5 என்றால் வலப்புறம் சுற்றுவது. 6 விழுந்தால் மட்டும் யாரோ ஒரு ஒற்றன் குன்றைப் பார்த்துவிட்டான். சில ஆட்டங்களில் இதற்கு வழி உள்ளேயே இருக்கிறது. படைகளின் பெயர்ச் சில்லுகளைக் குவளையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எது வருகிறதோ அந்தப் படை நகரும். அடுத்து யார் முறை என்பது இரு பக்கத் திட்டமும் தெரிந்த எனக்கே தெரியாது.

ஆக மேசையைச் சுற்றி மூன்று பேர் இருக்கிறோம்: இரண்டு தளபதிகள், ஒரு நடுவர். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824ல் ராணுவத்துக்கு அமைத்துக் கொடுத்த ஆட்டத்திலேயே, எந்தத் தரப்புக்கு எது கண்ணுக்குத் தெரியும் என்று சொல்ல நடுவர் உண்டு. தனியாக ஆடும்போது சறுக்குவது பெரும்பாலும் இந்த நடுவர்தான். பிடித்த பக்கத்துக்குப் பகடை மோசமாக விழுந்தால், "மேசை ஆடிவிட்டது" என்று மறுபடி உருட்டச் சொல்வார்.

பெரிய மனிதர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1942 மே மாதம், மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை யமாதோ கப்பலில் ஒத்திகை ஆட்டம் நடத்தியது. இரு பக்கமும் அவர்களே. பகடைப்படி ஒன்பது குண்டுகள் விழுந்து, அக்காகி, காகா ஆகிய விமானந்தாங்கிகள் மூழ்கின. தலைமை வகித்த உகாகி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாக்கினார், அக்காகி பிழைத்தது. காகாவும் அடுத்த கட்ட ஒத்திகையில் மிதந்து வந்தது. அக்கடற்படை அதிகாரிகள் ஃபூச்சிதாவும் ஒக்குமியாவும் பின்னாளில் எழுதிய நூலில் இது வருகிறது. ஜூன் மாதம் மிட்வேயில் இவ்விரண்டோடு சேர்த்து நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின.

எல்லா ஆட்டமும் இப்படித் தனியாக இரு பக்கமும் ஆட ஒத்துவராது. கையில் சீட்டை மறைத்து ஆடுபவையும், எண்ணுள்ள முகத்தைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தும் மரக்கட்டை ஆட்டங்களும் தனியாளிடம் பாதி உயிரை இழந்துவிடும். ஒருவருக்கென்றே செய்தவையும் உண்டு: 1983ல் வந்த ஆம்புஷ் போன்றவை. அவற்றில் எதிரியைப் புத்தகம் இயக்குகிறது. நல்ல ஆட்டங்கள்தான், ஆனால் எதிரியின் நாற்காலியில் உட்காரும் வாய்ப்பு இல்லை. எனக்கு அது ஒரு குறை.

ஜிஎம்டி நிறுவனத்தின் பெட்டிகளில், தனியாட்டத்துக்கு எவ்வளவு ஏற்றது என்று 9 வரை எண்ணிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். முதல் ஆட்டத்துக்குச் சின்ன வரைபடம் போதும். எங்கே விரித்தாலும் மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் விரிக்காதீர்கள்.