சாக்பீஸ் எடுக்காத அப்பா

அப்பா முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சட்டைப் பையில் தெரியாமல் தங்கிவிட்ட துண்டை மறுநாள் காலையில் ஞாபகமாகத் திரும்ப எடுத்துப் போவார். நானும் தங்கச்சியும் பாண்டி ஆடுவதற்குக் கரித்துண்டால்தான் கட்டம் போட்டோம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதே அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஓய்வூதியர் சங்கத்தின் வரவு செலவை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தார். திரையின் மேலே ஒரு சிவப்புப் பட்டை. இந்த மென்பொருளுக்கு உரிமம் இல்லை என்றது.

“என்னடா இது, ரெண்டு வாரமா செவப்பா நிக்குது? கடைப் பையன் வந்தா எடுத்துவிட்டுடுவான். நீதான் வந்திருக்கியே, பாரேன்.”

“இது திருட்டுக் காப்பிப்பா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “திருட்டா? முந்நூறு ரூபா குடுத்தேனேடா! சங்கத்துக் கணக்குல எழுதியே வெச்சிருக்கேன்.”

அந்தப் பதிலிலிருந்து என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை. அப்பாவைப் பொறுத்தவரை காசு கொடுத்தால் வாங்கியது. கொடுக்காமல் எடுத்தால் திருட்டு. அவர் கொடுத்திருக்கிறார். யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. காய்கறி வாங்கும்போது நாமும் அதையெல்லாம் கேட்பதில்லையே.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கணினி நிரலின் கள்ளப் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு, ஐம்பதாயிரத்துக்குள் ஒரு அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம். இதில் என் கண் நிற்பது எண்களில் இல்லை, ‘தெரிந்தே’ என்ற சொல்லில். அந்த அறையில் அன்றைக்கு இரண்டு பேர் இருந்தோம். தெரிந்தவன் நான்.

2006இல் பொறியியல் சேர்ந்தேன். ஹாஸ்டலில் ஒரு சிடி அறை அறையாகச் சுற்றும். அதன் மேலேயே மார்க்கர் பேனாவில் சீரியல் எண் எழுதியிருக்கும். அதில்தான் எக்செல் கற்றேன், பவர்பாயிண்டில் செமினார் எடுத்தேன், வேர்டில் ரெஸ்யூமே அடித்தேன். வேலை கிடைத்தது. இன்று என் வேலையில் ஒரு பகுதி, வாடிக்கையாளரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா என்று சோதிக்கும் நிரலை எழுதுவது. சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதில் எங்களிடம் இரண்டு சமாதானங்கள் இருந்தன. ஒன்று, இதனால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. சாக்பீஸை எடுத்தால் பெட்டியில் ஒன்று குறையும். கோப்பை நகலெடுத்தால் அசல் அங்கேயேதான் இருக்கும். இதற்கான எதிர்வாதம் நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1976இல், இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார. ஆல்டேர் கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழியைப் பலரும் காசு கொடுக்காமல் நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த வருமானத்தை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்பது அவர் புகார். குறைந்தது பொருள் இல்லை, உழைத்தவனின் கூலி. இன்று நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் அந்தக் கணக்கை என்னால் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது சமாதானம் இன்னும் வலுவானது. காப்பி கிடைக்காமல் போயிருந்தாலும் நான் வாங்கியிருக்கப்போவதில்லை. அப்பாவின் சம்பளத்தில் அது நடக்காது. அப்படியென்றால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? இதற்கும் கேட்ஸிடமே போகலாம். 1998இல் ஒரு பல்கலைக்கழக மேடையில் சீனாவைப் பற்றிப் பேசியபோது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், வசூலிக்கும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் சொன்னார். என் விஷயத்தில் அது அப்படியே நடந்தது. பழகினேன். இப்போது வருஷா வருஷம் சந்தா கட்டுகிறேன்.

அப்படியானால் நான் யாருக்கு நஷ்டம் வைத்தேன்? அந்த சிடி சுற்றிய அதே காலத்தில் ஓப்பன் ஆபீஸ் இருந்தது. இலவசம், சட்டப்படி சுத்தம், தமிழிலேயே மெனுகூட உண்டு. நாங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திருட்டு வேர்டின் விலை பூஜ்யம் என்கிறபோது, நேர்மையான இலவசத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? பெரிய கம்பெனிக்கு நாங்கள் வருங்கால வாடிக்கையாளர்கள். ஓப்பன் ஆபீஸுக்கும், காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நம்பித் தமிழ் எழுத்துரு செய்து விற்ற சின்ன ஆட்களுக்கும் நாங்கள் வராமலே போன வாடிக்கையாளர்கள். டிடிபி கடைகளில் அந்த எழுத்துருக்கள் எப்படிக் கைமாறின என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

நேர்மையான வழி கரடுமுரடாகவும் இல்லை என்பதுதான் கொடுமை. மாணவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் பல இடங்களில் இலவசம். வீட்டு உபயோகத்துக்குத் தனிப் பதிப்பு உண்டு. ஊழியர் வீட்டில் பயன்படுத்துவதற்கென்று ஒரு சலுகைத் திட்டம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்புவரை பெரிய கம்பெனி ஊழியர்கள் சுமார் 10 டாலருக்கு முழு ஆபீஸையும் வாங்கினார்கள். குடும்பச் சந்தாவை ஆறு பேர் பகிரலாம். எல்லோருக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே மென்பொருள். விலை மாறுவது நீங்கள் யார் என்பதைப் பொறுத்து. காசு வாங்கிக்கொண்டு அவர்கள் தருவது ஒரு பொருளை அல்ல, ஒரு சம்மதத்தை. அந்தச் சம்மதம்தான் அப்பாவின் முந்நூறு ரூபாயில் இல்லை. இணையத்தில் ‘ஆயுள் கால’ சாவி என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அவற்றில் பலவற்றிலும் இல்லை. அங்கே நாம் வாங்குவது மனநிம்மதியை மட்டும்தான். எழுதியவனுக்கு ஒரு பைசா போகாது. சும்மா எடுக்கிறவனுக்காவது தான் சும்மா எடுக்கிறோம் என்று தெரியும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. “என் சந்தாவுல உங்களச் சேத்துடறேன்ப்பா” என்றேன். வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்றதும், “கூட்டல் போடறதுக்கு வாடகையா? வேண்டாம்” என்றார். லிப்ரே ஆபீஸை இறக்கி நிறுவினேன்.

“இது எவ்வளவு?”

“சும்மாதான்ப்பா.”

“சும்மாவா?” நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். “டேய், இது திருட்டு இல்லையே?”

எழுதினவர்களே எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப அவங்க சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?”

பத்து வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இலவசமாக எதை இறக்கும்போதும் எனக்குத் தோன்றாத கேள்வி. சில கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன, மிச்சம் நன்கொடை என்றேன். தலையாட்டினார். பிறகு, “நீ காலேஜ்ல படிக்கறப்ப ஒரு லீவுல வந்து போட்டுக் குடுத்தியே, மொத மொதல்ல. அது?”

“அதுவும் இதே மாதிரிதான்ப்பா.”

அவர் திட்டவில்லை. திரைப்பக்கம் திரும்பி, சங்கத்துக் கணக்கில் ‘கம்ப்யூட்டர் செலவு 300’ என்ற வரியைத் தேடிப் பிடித்தார். அதை அழிக்கவில்லை. வரவுப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்து, தன் பெயரில் 300 என்று எழுதினார். எழுந்துபோய் பீரோவைத் திறந்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துச் சங்கத்துக் கவரில் போட்டார்.

அதனால் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. எனக்கும் தெரியும். ஊருக்குத் திரும்பும் ரயிலில், லிப்ரே ஆபீஸை நடத்தும் அறக்கட்டளையின் நன்கொடைப் பக்கத்தைத் திறந்தேன். தொகை என்று கேட்ட கட்டத்தில் எவ்வளவு போடுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. 2006இலிருந்து கணக்குப் போட வேண்டியிருந்தது.