கட்டுவிச்சி சொன்ன பெயர்

அன்புக்கொடி மக்களே, பழைய நூல்களில் 'கட்டுவிச்சி' என்றொரு பெயர் வரும். இன்று பேச்சில் இல்லாத சொல். குறி சொல்லுகிற பெண்ணுக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. திருக்கோவையாரில் 'கட்டுவித்தி' என்று இருக்கும். எது சரி, எது பிழை என்று மயங்க வேண்டாம். 'சிரித்தான்' என்பதை நாம் 'சிரிச்சான்' என்கிறோம் அல்லவா? வித்தை 'விச்சை' ஆனதும் அதே வழிதான். 'கட்டு' என்பது இங்கே மூட்டைக்கட்டு அல்ல. சுளவில் நெல்லைப் போட்டுக் குறி பார்ப்பது. அந்த வித்தை தெரிந்தவள் கட்டுவிச்சி என்று கொள்ளலாம்.

சங்கப் பாட்டுகளில் மகள் மெலிந்துபோவாள். சோறு இறங்காது. தாய்க்கு வயிற்றில் நெருப்பு. கட்டுவிச்சியை அழைப்பாள். அவள் ஒரு பிடி நெல்லை நான்கு நான்காக எண்ணுவாள். மிச்சம் ஒன்றோ இரண்டோ மூன்றோ வந்தால், முருகனால் வந்த வருத்தம் என்பாள். உடனே வேலன் வருவான், வெறியாட்டு நடக்கும், ஆட்டுக்குட்டி அறுபடும். பிள்ளைக்கு வந்ததோ காதல்! எப்படி எண்ணினாலும் பெரும்பாலும் ஆட்டின் கழுத்துக்கே வந்து நிற்கிற கணக்கு அது.

திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலிலும் ஒரு கட்டுவிச்சி வருகிறாள். அதே சுளவு, அதே நெல். நெல்லை எறிகிறாள், மெய்சிலிர்க்கிறாள், கையை மோந்து பார்க்கிறாள். ஆனால் அவள் வாயில் வந்தது ஆயிரம் பேருடைய நாராயணரின் பெயர். உலகை அளந்தவர், இலங்கையைப் பொடியாக்கியவர், மலையைக் குடையாய்ப் பிடித்தவர், அவரே இந்தப் பெண்ணை இப்படி ஆக்கினார் என்று அடையாளம் சொல்லித் தாயைத் தேற்றுகிறாள்.

நம் தென்னாட்டில் அய்யா வைகுண்டர் 1833-இல் வந்தபோது, தலைவலி வந்தாலும் பேய் என்று குறி பார்த்து, கடன்பட்டு ஆடும் கோழியும் அறுத்த காலம். அய்யா பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார். நோயோடு வந்தவர்களுக்குக் கொடுத்தது மண்ணும் தண்ணீரும்.

அந்த வழியில் வந்த வீடுகளிலும் இன்று பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால், ஆஸ்பத்திரிக்கும் போகாமல், தாங்கலுக்கும் வராமல், அந்தி நேரத்தில் பக்கத்து ஊர்க் கோடங்கியைத் தேடுவார் உண்டு. நெற்றி நாமத்தைத் துடைத்துவிட்டுப் போவாரும் உண்டு. பெற்ற மனம், அதைக் குறை சொல்ல முடியாது. அங்கே முதல் பேச்சே எந்த மாடன், எத்தனை கோழி என்பதுதான்.

மடலில் வருகிற கட்டுவிச்சி கோழி கேட்டதாக இல்லை.

அய்யா உண்டு.