49ஆவது மணி

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மனிதன் 'ஆக்ஸிடெண்ட் கேஸ்' ஆகிவிடுகிறான். இதை மொழியின் குரூரம் என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கேஸாகப் பார்ப்பதால்தான் டாக்டரால் கை நடுங்காமல் தையல் போட முடிகிறது. கேஸ் மறுபடி மனிதனாவது எப்போது, அதற்கு யார் பொறுப்பு என்பதே பிரச்னை.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. பெரிய காரியம்தான். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் முதுகுத்தண்டு முறிந்த ஒருவனை நினைத்துப் பார்க்கிறேன். பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ உயிர் பிழைத்து ஊர் திரும்புகிறான். பிறகு படுக்கைப்புண், மூத்திரக் குழாய், பிஸியோதெரபி, ஊனச் சான்றிதழ், நஷ்டஈட்டு மனு, பிழைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. தாமிரவருணியின் கடைசி அணைக்கட்டு இந்த ஊரில்தான் இருக்கிறது. அணையில் தண்ணீர் நின்றால் போதாது. கால்வாயோடு நடந்து மடை திறக்க ஒருவன் வேண்டும், கடைமடைக்குப் பாய.

சில மேலை நாடுகளில் இந்த வேலைக்கு 'கேஸ் மேனேஜர்' என்று ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் நர்ஸாகவோ சமூக சேவகராகவோ பயிற்சி பெற்றவர். இங்கே அந்த இடத்தில் அக்காவோ மனைவியோ எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருக்கிறாள். இல்லையென்றால் நஷ்டஈட்டில் பங்கு கேட்கும் தரகன் நிற்கிறான். தரகனுக்கு எல்லா வாசலும் தெரியும், அடிபட்டவனைத் தெரியாது. அக்காவுக்கு அவனைத் தெரியும், வாசல்கள் தெரியாது.

சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட்டால் தீர்ந்ததா? சம்பளம் கொடுப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனி என்றால், சீக்கிரம் ஃபைலை மூடும் ஆசை அவருக்குள்ளும் புகும். அன்பும் நிரபராதி அல்ல. 'நீ பேசாமல் படு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அது அவன் தீர்மானங்களைப் பிடுங்கிக்கொள்கிறது. உடம்பு இழந்ததற்குமேல் இது இரண்டாவது இழப்பு. காயம்பட்டவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதில்தான் இந்தத் தொழிலின் தார்மிகம் இருக்கிறது.

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். 1981இல் அதே ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இதை வீரகதையாக்கிப் படுத்திருக்கும் மற்றவர்கள்மேல் சுமத்துவது அநியாயம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவருடைய கையும் காலுமாகப் பிறர் இருந்தார்கள். தீர்மானம் அவருடையதாக இருந்தது. கேஸாக இருந்தவர் பிறருக்கு மடை திறப்பவராகவும் ஆனார்.

48 மணி நேரத்துக்குப் பணம் ஒதுக்க முடிந்த சமூகத்துக்கு, 49ஆவது மணிக்கு ஓர் ஆளை அனுப்ப முடியாதா? அந்த ஆள் ஃபைலைப் பிரிக்குமுன் கட்டிலருகே உட்கார்ந்து, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்க வேண்டும். பதில் வர நாளாகலாம். அதுவரை காத்திருப்பதும் அவர் வேலைதான்.