அன்றே அறிந்தோமா?

திருநெல்வேலி டவுணில், வாகையடி முக்கிற்கு அருகே உறவினர் இல்லமொன்றில் மஃரிபுக்குப் பின் அமர்ந்திருந்தோம். பிள்ளைகள் 2006இல் வெளிவந்த 'புதுப்பேட்டை' என்னும் படத்தைக் கைப்பேசியில் ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, "பெரியவாப்பா, இது யாருன்னு பாருங்க" என்றனர். தனுஷைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தில் ஒருவராக விஜய் சேதுபதி நின்றிருந்தார். 2010இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' அவரைக் கதாநாயகராக்கும் வரை, படங்களில் இவ்வாறு ஓரத்தில் நின்றவரே அவர். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். நாம், "அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?" என்று வினவினோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அது கேட்கத்தக்க கேள்வியென்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

சினிமா தகுமா, தகாதா என்னும் வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. அதற்கு இடம் வேறு. பின்னர் வந்த கீர்த்தி, முன்னர் செய்த சிறு செயலின் மதிப்பை மாற்றிவிடுமா என்பதே நம்மை உறுத்திய வினா.

1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யை எடுத்துக்கொள்வோம். கதாநாயகர் எம். கே. ராதா. வில்லனாக வந்தவர் நம் பழைய நெல்லை மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்த டி. எஸ். பாலையா. அப்படத்தில் காவல்துறை ஆய்வாளராகச் சிறிது நேரமே வந்து போனவர் எம். ஜி. ஆர். அவர் 'ராஜகுமாரி'யில் கதாநாயகராவதற்கு 1947 வரை, பதினோராண்டுகள் காத்திருந்தார். 1977இல் முதலமைச்சரானார். இன்று அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது அந்த ஆய்வாளரைத்தான். ஆனால் 1936இல் கதைக்கு ஓர் ஆய்வாளர் தேவைப்பட்டார். அத்தேவையை அவர் அன்றே நிறைவு செய்துவிட்டார். அவர் பிற்பாடு யாராகாமற் போயிருந்தாலும் அவ்வேலையில் ஒரு குறையும் இருந்திராது. கூடியது வேலையின் மதிப்பன்று. நம் கண்ணின் கூர்மையே.

"பொறுத்தார், ஆதலால் உயர்ந்தார் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமே" என்பர் சிலர். மம்முட்டியும் 1971இல் 'அனுபவங்கள் பாளிச்சகள்' என்னும் மலையாளப் படத்தில், பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத துணை நடிகராக நின்றவரே. உண்மைதான். எனினும், அவரருகே நின்றவரும் பொறுத்திருக்கலாம். இன்னும் அதிக காலம் பொறுத்திருக்கலாம். வென்றவரை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றி, பொறுமையின் கூலி புகழே என்று தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

அரபி இலக்கணத்தில் ஹர்ஃப் என்றொரு சொல்வகையை மாணவர்க்குப் போதிக்கிறோம். தமிழில் இடைச்சொல் அதற்கு ஏறத்தாழ நிகர். தனித்து நின்றால் பொருள் நிரம்பாது. ஆயினும் 'ஃபீ' என்னும் ஈரெழுத்துச் சொல் முன்னே வந்து நின்றால் அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் ஈறே மாறிவிடுகிறது. அந்த ஈரெழுத்து வருங்காலத்தில் பெயர்ச்சொல்லாகிவிடும் என்று எதிர்பார்த்து எவரும் அதற்கு மரியாதை செய்வதில்லை. அது நின்ற இடத்தில் செய்த வேலைக்காகவே அதைக் கற்கிறோம். (மாணவர் பலர் வழுக்கி விழுவதும் அந்த இடத்தில்தான்!)

இவ்வளவு பேசும் நாமும் தவறியிருக்கிறோம். பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவரொருவர் பெயர்பெற்ற மருத்துவரானார். அவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் நம்மைப் பேச அழைத்தனர். "இவர் பெரிய ஆளாவார் என்பதை அன்றே அறிந்தோம்" என்று மேடையில் முழங்கினோம். கரவொலி எழுந்தது. உண்மையில் நாம் எதையும் அறிந்திருக்கவில்லை. அச்சிறுவரைப் பற்றி நம் நினைவில் இருந்தது, அவர் அடிக்கடி தாமதமாக வருவார் என்பது மட்டுமே. வந்த புகழில் நமக்கும் ஒரு பங்கு கேட்டோம். அதற்குப் பொய்யை விலையாகக் கொடுத்தோம்.

கூட்டம் கலைந்தபின், வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் நம்மை நெருங்கி ஸலாம் உரைத்தார். "ஹஜ்ரத், நானும் அந்த வருஷந்தான் ஓதினேன். தினமும் பாயெல்லாம் சுருட்டி வெச்சது நான்தான்" என்றார்.

நினைவிருக்கிறது என்று சொல்ல நா எழுந்தது. அடக்கிக்கொண்டு, அவருடைய பெயரைக் கேட்டோம்.