கஞ்சி ஊத்துறது யாரு?

மேற்படிப்பு படிக்கிறவன் நாய் வளர்க்கலாமா? நம்ம தோழர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். 'சோத்துக்கே வழியில்ல, நாய் ஒரு கேடா' என்பார்கள். ஆனால் கேள்வி லேசுப்பட்டதல்ல. நேரமும் காசும் தன் கையில் இல்லாதவன், தன்னையே நம்பிக் கிடக்கும் ஓர் உயிரை எடுத்துக்கொள்வது நியாயமா?

வழக்கமாகக் கிடைக்கும் பதில்: நேரம் இருக்கிறதா, பணம் இருக்கிறதா, கணக்குப் பார், இல்லையென்றால் வளர்க்காதே. சரியாகத்தான் படுகிறது. ஆனால் இது காம்பவுண்டுச் சுவருக்குள்ளிருந்து வரும் பதில். அந்தச் சுவருக்குள்ளே ஓர் எசமானனும் ஒரு நாயும் மட்டும்தான். வேறு மனுசாள் யாரும் கண்ணில் படுவதில்லை.

எங்கள் ஆம்பூர்ப் பக்கம் சேரியில் நாயை யாரும் 'வைத்துக்கொள்வது' கிடையாது. ஒரு வீட்டில் கஞ்சித்தண்ணி, ஒரு வீட்டில் மீன்முள்ளு. இதை வைத்துக் கூட்டு வாழ்க்கை என்று கவிதை எழுதலாம். நான் எழுதமாட்டேன். தெருவுக்கே சொந்தமான நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசி போடுவது யார்? கடிபட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நம் பிள்ளை. ஊசி இலவசம்தான், தூக்கிக்கொண்டு ஓடுகிற தாயின் ஒருநாள் கூலியை யார் தருவார்கள்? நோய் முற்றினால் பிழைப்பதும் இல்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்னையில் பி.எச்டி. படிக்கிறான். காலேஜ் நாளில் தூக்கி வந்த குட்டி இப்போது அம்மாவிடம். அப்பன் தோல் ஷாப்பில். அம்மா ஷூ அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து தைக்கிறாள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கையில் ஊசி, காலடியில் நாய். ராத்திரி போன் வரும். 'நாய் சாப்டுச்சாம்மா?' 'ஊத்திட்டேன்டா, நீ சாப்டியா?' அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஆளில்லை. அவன் படிப்பையும் அவன் நாயையும் ஒரே தோள்தான் சுமக்கிறது.

இது புதிதா? அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனார், 1916இல் லண்டன். பரோடா உதவித்தொகை முடிந்து 1917இல் திரும்பினார். 1920இல் மறுபடி லண்டன். அந்த வருஷங்களில் பம்பாயில் குடும்பத்தை இழுத்தவர் ரமாபாய். பெற்ற பிள்ளைகளில் யஷ்வந்த் தவிர ஒன்றும் தங்கவில்லை. அண்ணலின் பட்டங்களை மேடைதோறும் அடுக்குகிறோம். ரமாபாயின் வறுமையைத் தியாகம் என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறோம். தியாகம் என்ற சொல்லே கணக்கு முடிக்கத்தான் பயன்படுகிறது.

அதற்காக 'நாய் உனக்கெதுக்கு' என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'படிப்பு உனக்கெதுக்கு' என்று கேட்ட அதே வாய்தான் அதையும் கேட்கிறது. தென்மாவட்டத்தில் சில ஊர்களில் தலித்துகள் ஆண்நாய் வளர்க்கக்கூடாதென்ற தடை கள ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில், சட்டக்கல்லூரிக்குப் போகிறவனின் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்கிறார்கள். நம் தெருநாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரோ பறையர் என்ற பெயரிலிருந்து பிறந்தது; ஆங்கில அகராதியில் இன்றும் இருக்கிறது. நாயை நம்மோடு சேர்த்து இழிவுபடுத்தியவர்களிடம், நாய்மேல் நாம் வைக்கிற பிரியத்துக்கு அனுமதி கேட்கவேண்டியதில்லை.

கேட்கவேண்டியது வேறிடத்தில். உன் பிரியத்துக்கு உழைக்கும் கையைக் கேட்டாயா? அவள் 'முடியாது' என்று சொல்ல இடம் வைத்தாயா? அம்மாதானே என்பது பதிலல்ல. ஊரில் ஆண்டைகளும் அப்படித்தான் சொன்னார்கள், 'நம்ம ஆள்தானே'. உதவித்தொகை பல மாசம் தள்ளித்தான் வருகிறது, தெரியும். வந்த அன்று அதில் அவள் பங்கு எவ்வளவு?

இதைத்தான் அந்தப் பையனிடம் கேட்டேன். கோபப்பட்டான். 'எங்கம்மாவே கேக்கல, நீங்க யாரு?' என்றான். பொங்கல் லீவுக்கு வந்தபோது அவனே ஆட்டோ பிடித்து நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தான். அந்த நேரத்தில் அம்மா இரண்டு ஜோடி கூடுதலாகத் தைத்திருந்தாள்.