பூக்க விடாத செடி

ஹோட்டல் மெனுக்களில் வரும் பச்சை காலிஃப்ளவர் மாதிரியான ப்ரோக்கோலி உங்களுக்குத் தெரியும். அதற்கு இங்கிலாந்தில் ஒரு பங்காளி உண்டு. ஸ்ப்ரௌட்டிங் ப்ரோக்கோலி. ஒரே பெரிய பூவாக இல்லாமல், செடி முழுக்க ஊதா மொட்டுக் கொத்துகளாகத் தள்ளும்.

வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க மகா பொறுமை வேண்டும். ஜூன், ஜூலையில் நாற்றை இரண்டடி இடைவெளியில் நட்டு, சுற்றிலும் மண்ணைக் குதிகாலால் மிதித்து இறுக்குகிறார்கள். லூசாக நட்டால் குளிர்காலக் காற்று சாய்த்துவிடும். கோடையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், பனியில் புறா இலையைக் கொத்தும். இரண்டுக்கும் வலை. எட்டு மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும். பி.காம் படித்த என் கணக்கில் முடங்கிய முதலீடு! ஆனால், அந்தக் குளிர் பட்டால்தான் அதற்கு மொட்டு வைக்கவே தோன்றும். பிப்ரவரி, மார்ச்சில், தோட்டத்தில் வேறு காய் அதிகம் இல்லாத நேரத்தில் ஆரம்பிக்கும்.

இனிதான் விஷயம். நடுத்தண்டு மொட்டை முதலில் வெட்ட வேண்டும். பக்கத்தில் நாலு கிளம்பும். அதையும் வெட்டினால் இன்னும் சில. ஆறேழு வாரம் இப்படி ஓடும். ஒரே நிபந்தனை, மொட்டை மலர விடக் கூடாது. மலர்ந்தால் வரத்து நின்றுவிடும்.

இதைத் தாராளமான செடி என்கிறார்கள். எங்கே கொடுக்கிறது? அது பூக்கப் பார்க்கிறது சார்! பூத்து, விதை விட வேண்டும். நாம் தடுக்கிறோம், மறுபடி முயற்சி செய்கிறது. அந்த முயற்சிக்குத்தான் தாராளம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

செடி போகட்டும். காய் பறிப்பது பாவம் என்கிற கட்சி இல்லை நான். அதே வார்த்தையை மனுஷர்களுக்குச் சொல்லும்போதுதான் உறுத்துகிறது. தம்பி படிப்பு முடியட்டும், தங்கச்சி கல்யாணம் ஆகட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் சொல்லி, சம்பாதிக்கிற மூத்த பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட குடும்பம் உங்கள் தெருவிலும் இருக்கும். 'தங்கமான பொண்ணுங்க, குடும்பத்துக்காகவே வாழ்ந்துட்டா' என்று மெச்சுவோம். அவள் மறுக்கவில்லையே என்பீர்கள். விரும்பிக் கொடுப்பவர்கள் உண்டு, சத்தியமாக உண்டு. ஆனால், இவள் அந்த ரகமா என்று எப்படித் தெரியும்? 'போதும்மா, இனி உன் இஷ்டம்' என்று ஒரு தடவையாவது யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

வசந்தம் முடிகிற நேரத்தில் ஒன்றிரண்டு செடிகளை வெட்டாமல் விட்டுவிடுகிற தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். நாலு இதழோடு கொத்துக் கொத்தாகப் பூத்துவிடும். தேனீக்கள் மொய்க்கும். மொட்டு ஊதா என்பதால் பூவும் ஊதா என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, மஞ்சள்!