ஏற்கும் தன்மை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சுங்கச்சாவடியைக் கடக்கும் லாரிகளின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் பாஸ்டேக் என்னும் சிறு வில்லையைக் காணும்போதெல்லாம், ஜீவனுக்கும் அருளுக்கும் உள்ள சம்பந்தம் குறித்த பழைய வினா என் உள்ளத்தில் எழுகிறது. மின்கலம் ஏதுமற்ற அவ்வில்லை, சாவடியிலிருந்து 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை தன்மீது படியும் கணத்தில் மாத்திரம் விழித்து, பெற்ற சக்தியாலேயே தன் சில்லை இயக்கி, பெற்ற அலையையே சிறிது மாற்றிப் பிரதிபலித்துத் தன்னை அறிவிக்கிறது.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்று சைவ சித்தாந்தம் கூறும். அப்படியாயின் ஜீவனுக்குரிய பிரயத்தனம் யாதொன்றுமில்லையா?

அவ்வில்லைக்குள் அலையை ஏற்கும் ஆன்டெனாவை அமைப்போரின் தொழிலில் இதற்கு விடை இருக்கிறது. அலைநீளத்தில் பாதியாகிய சுமார் 17 சென்டிமீட்டர் உலோக இழையை வளைத்து மடித்துச் சிற்றிடத்தில் அடக்கி, சில்லின் மின்தேக்கத் தன்மைக்கு ஈடாகத் தூண்டல் வளையமொன்றைச் சேர்த்து அவர்கள் இசைவிக்கிறார்கள். ஒரே அதிர்வெண்ணுக்கென்று மிகக் குறுக இசைவித்தால், ஒட்டிய கண்ணாடியே அவ்விசைவைக் கீழிறக்கிக் கெடுத்துவிடும். ஆதலால், பல தேசங்களின் அலைவரிசைகளையும் தழுவும்படி 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்து, உச்சத்தில் சிறிது இழந்து விசாலத்தைப் பெறுகிறார்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் ஓசூரில், சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைப்படிகளில் நிற்கும்போது இந்த உண்மை எனக்குத் தெளிவாகிறது. அருளை உண்டாக்குவது நம் வசமில்லை. அது எத்திசையிலிருந்து, எம்மொழியில் வந்தாலும் ஏற்கும்படி நெஞ்சை விரித்து வைப்பதொன்றே நம் சாதனை.